வாசிப்பு: ஏட்டிலும் சீவாளியிலும்

‘வாசிப்பு’ என்ற சொல்லைக் கோட்பாடு பேசுகிற நாம் கிட்டத்தட்ட நம் பெயருக்கே பட்டா போட்டு வைத்திருக்கிறோம். மறுவாசிப்பு, எதிர்வாசிப்பு, கட்டுடைப்பு வாசிப்பு என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கிற இன்னொரு பொருளை மறந்துபோனோம். கோவில்பட்டி, கழுகுமலை, இளையரசனேந்தல் பக்கம் ‘அவரு நல்லா வாசிப்பாரு’ என்றால் புத்தகம் படிக்கிறவர் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நாயனமோ தவிலோ வாசிக்கிறவர் என்றுதான் அர்த்தம். தமிழ் இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் கட்டி வைத்திருக்க, பல்கலைக்கழகம் இரண்டையும் பிரித்துப் போட்டது. ஏட்டை வாசிக்கிறவர் ஆய்வாளர்; நாயனம் வாசிக்கிறவர் அவருக்குத் தகவல் தருபவர். இந்தப் பிரிவினை எப்படி வந்தது, இது தவிர்க்க முடியாததுதானா என்பதே இங்கே கேள்வி.

உலகின் பல பல்கலைக்கழகங்களில் இசைக்குச் செய்முறைவழி முனைவர் பட்டம் என்று ஒன்று வந்துவிட்டதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அவசரமும் கூடியிருக்கிறது. அதில் வாசிப்புதான் ஆய்வுமுறை. கச்சேரி, ஒலிப்பதிவு, புதிதாக இயற்றிய உருப்படி ஆகியவை ஆய்வின் உடம்பு. கூடவே எழுத்தில் ஒரு விளக்கம். இது ஏதோ புதிய மோஸ்தர் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 15ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் இசைக்குப் பட்டம் கொடுத்தன. இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் உருப்படி இயற்றிக் கொடுத்து அதை வாங்கினார்கள். நாம் ‘ஆய்வேடு’ என்று கும்பிடுகிற வடிவம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகம் தந்த கொடை. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி 1950களில் வாசிப்பவர்களுக்கும் இயற்றுபவர்களுக்குமென்று தனி முனைவர் பட்டம் தொடங்கியது. பின்லாந்தின் சிபேலியஸ் அகாதெமி 1980களில் அந்தப் பாதைக்கு வந்தது. லண்டனில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993இல் எழுதிய கட்டுரை ஒன்று மூன்று வேற்றுமை உருபுகளில் விஷயத்தை முடித்தது எனலாம்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியே ஆய்வு. நம் இசைத்துறைகள் முதலாவதிலேயே உட்கார்ந்துவிட்டன. தகராறு மூன்றாவதில்தான்.

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழ் எம்.ஏ. படித்த எவருக்கும் பாலபாடம். சங்கீதக்காரர்கள் இதையே லட்சியம், லட்சணம் என்பார்கள். லட்சியத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் லட்சணம் எழுத வேண்டும். அப்படி எழுதிய பெரிய காரியம் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

கோவில்பட்டிக்கு மேற்கே இளையரசனேந்தல், கிழக்கே எட்டயபுரம். இரண்டுமே பழைய ஜமீன்கள். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இறந்தது எட்டயபுரத்தில். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்துவான். பாலுசுவாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906), 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். ஏ.எம். சின்னசாமி முதலியாரின் தூண்டுதல், எட்டயபுரம் அரசரின் ஆதரவு, சமஸ்தானத்து வித்யா விலாசினி அச்சகம், தெலுங்கு லிபி. நூலின் அருமை அதிலுள்ள உருப்படிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ச ரி க ம என்று ஸ்வரத்தை எழுதினால் ராகம் வந்துவிடாது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே நடக்கிற அசைவுதான் ராகம். அந்த அசைவுகளுக்கு, அதாவது கமகங்களுக்கு, அவர் தனித்தனிக் குறிகள் போட்டார். எந்தக் கமகத்தை வீணையில் எந்த விரல் எப்படி உண்டாக்குகிறது என்றும் விளக்கினார். இதைப் புத்தகம் பார்த்து எழுத முடியாது. வாசித்து, நிறுத்தி, திரும்ப வாசித்து, ‘இது அதுதானா’ என்று கைக்கும் காதுக்கும் நடுவே வழக்கு நடத்தி எழுத வேண்டும். செய்முறைவழி ஆய்வு என்று இன்று எதைச் சொல்கிறார்களோ, அது இதுவே.

ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிட்டால் வரலாறு பாதியில் நிற்கும். அரண்மனை அச்சகம் அரண்மனைச் சங்கீதத்துக்குத்தான் காகிதம் கொடுத்தது. அதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடினார். காவடி எடுத்து நடக்கிறவர் காலின் வேகம் அந்த யாப்புக்குள் இருக்கிறது. நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்தது சொற்கள், நடை வரவில்லை. உருமியும் நையாண்டி மேளமும் தேவராட்டத்தின் அடவும் எட்டயபுரத்து மண்ணில்தான் இருந்தன. பிரதர்சினியின் சம்பிரதாயத்துக்குள் அவற்றுக்கு இடம் இல்லை. எது எழுதத்தக்கது என்று முடிவு செய்கிற அதிகாரம், எழுதுகிற கையைவிட எப்போதும் பெரிது.

இரண்டாவது சாட்சி ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்து, அந்த வருமானத்தில் இசை மாநாடுகள் நடத்தி, 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டவர். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற பழைய கணக்கை மறுத்து 24 என்றார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் கட்டுரையோடு மட்டும் போகவில்லை. அவருடைய மகள்கள் பாடியும் வீணை வாசித்தும் காட்டினார்கள். அவருடைய சுருதிக் கணக்கு சரியா தப்பா என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். வாசித்துக் காட்டுவது அங்கே அலங்காரமாக இல்லை, ஆதாரமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாதம் தந்தையின் பெயரில் நிற்கிறது. நிரூபணம் மகள்களின் விரலில் இருந்தது. இந்த வேலைப்பிரிவினை பிறகு பல்கலைக்கழகத்தின் பழக்கமாகவே ஆகிவிட்டது.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பு. பி. சாம்பமூர்த்தி போன்றவர்கள் பாடத்திட்டமும் பாடநூலும் எழுதி இசையைப் ‘பாடம்’ ஆக்கினார்கள். அது லேசான வேலை அல்ல. இசை தெரிந்த பெண்கள் வேலைக்குப் போகவும், குருவின் வீட்டுத் திண்ணை கிடைக்காதவர்கள் படிக்கவும் அது வழிசெய்தது. ஆனால் ஒரு துறை மதிக்கப்பட வேண்டுமென்றால் அது வரலாற்றுத்துறை மாதிரியோ மொழித்துறை மாதிரியோ தோற்றம் காட்ட வேண்டியிருந்தது. கீர்த்தனைகளைத் தொகுப்பது, சுவடியைப் பதிப்பிப்பது, வாக்கேயக்காரர் வாழ்க்கை என்று ஆய்வேடுகள் குவிந்தன. வாசிப்பு, தேர்வில் ‘பிராக்டிகல்’ என்ற பேப்பராகச் சுருங்கியது.

இதற்குள் விதிவிலக்குகள் உண்டு. அவையும் கடல் தாண்டித்தான் நடந்தன. டி. விஸ்வநாதன் (1927–2002) புல்லாங்குழல் கலைஞர், பாலசரஸ்வதியின் தம்பி. 1960களின் முற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை வகித்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ராக ஆலாபனை. எழுதி வைக்காமல் வாசிக்கிற பகுதி அது. அதை உள்ளிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வாசிப்பவரால்தான் முடியும். அதே வெஸ்லியனில் எஸ். ராமநாதன் (1917–1988) சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து பட்டம் பெற்றார். அரங்கேற்று காதையின் பண்ணும் பாலையும் தமிழாசிரியர்களுக்கு உரைச் சிக்கல். ராமநாதனுக்கோ பாடிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய சங்கதி. தமிழ்த்துறையில் நாம் அருஞ்சொற்பொருளோடு தாண்டிப்போன இடங்களை அவர் தொண்டையால் வாசித்தார். இருவருடைய பட்டமும் எழுத்து ஆய்வேட்டுக்குத்தான் கிடைத்தது என்றாலும், அந்த எழுத்தை எழுதவைத்தது வாசிப்பு.

பட்டமே இல்லாமல் நடந்த ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய திமிரி நாகஸ்வரம் உச்ச சுருதி. அதில் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசாது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) அது உறுத்தியது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து, நீளத்தையும் துளையையும் மாற்றி, தணிந்த சுருதியில் அந்த மத்யமம் பேசுகிற பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். கேள்வி வாசிப்பிலிருந்து பிறந்தது, பட்டறையில் சோதிக்கப்பட்டது, மறுபடி வாசிப்பால் மதிப்பிடப்பட்டது, இன்று மேடையில் கேட்பது பெரும்பாலும் அந்த முடிவைத்தான். ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) அந்த நாதத்தைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டிபோட்டு அது பட்டிதொட்டிக்கெல்லாம் போனது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்கு முத்திரை வந்தது. அந்தப் பொருளை உண்டாக்கிய சிந்தனைக்கு ‘ஆய்வு’ என்ற பெயர் இன்னும் வரவில்லை. ஆசாரியின் உளியும் மேளக்காரரின் மூச்சும் ‘கைத்தொழில்’. அதைப் பற்றி எழுதுவது ‘அறிவு’. சாதியும் அறிவதிகாரமும் இங்கே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

களஆய்வில் நடப்பது நமக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, ‘அண்ணாச்சி, அந்தப் பிடியை இன்னொரு தடவை வாசிங்க’ என்கிறோம். அண்ணாச்சி வாசிக்கிறார். முதல் தடவை மாதிரி இரண்டாம் தடவை இருப்பதில்லை. ஏன் மாற்றினார் என்பதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம்தான் ஆய்வு. நாம் கொண்டுபோவது பதிவை. அவர் பெயர் நன்றியுரையில் வரும்.

சரி, கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? விதிகளைப் பாருங்கள். இசைத்துறையில் ஆசிரியர் பணிக்கு, பெயர்பெற்ற குருவிடம் பயின்று வானொலியில் ‘ஏ’ கிரேடு வாங்கிய தொழில்முறைக் கலைஞரை நியமிக்க பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வழி வைத்திருக்கிறது. 2013இல் தமிழ்நாட்டில் இசைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் ஆனவர் வீணைக் கலைஞர் காயத்ரி. ஆக, கலைஞர் பாடம் நடத்தலாம், நிர்வாகமும் செய்யலாம். ஆய்வு செய்ய வந்தால் மட்டும், 2022 விதிகளின்படி, முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், அல்லது நான்காண்டு இளநிலையில் 75 சதவீதம். பத்து வயதில் ஒத்து ஊதப் போன பையன் இந்தச் சதவீதத்தை எங்கே போய் வாங்குவான்? வெளிநாட்டு மாதிரியை அப்படியே இறக்கினால், ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு பட்டம் என்பதாக அது முடியும். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பைக்கூடத் தாண்டாதவர். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. மனசு இருந்தால் விதி வளையும். ஆனால் ஒருத்தருக்கு வளைந்தது துறைக்கு வளையவில்லை.

எதிர்ப்பக்கம் இரண்டு ஆட்சேபம் உண்டு. ஒன்று: கச்சேரி செய்தாலே டாக்டரா? இல்லை. பழகிய உருப்படியைப் பழகியபடி வாசிப்பது கலையாக இருக்கலாம், ஆய்வு அல்ல. வாசிப்பு ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். அந்தக் கேள்வியால் வாசிப்பு மாற வேண்டும். மாறிய தடம் அடுத்தவர் பரிசோதிக்கும்படி பதிவாக வேண்டும். சுப்பராம தீட்சிதர் குறி போட்டதும், பாரி நாயனம் பிறந்ததும் இப்படித்தான். பரிசோதிக்கிற குழுவில் பேராசிரியர்களோடு வாசிக்கிறவர்களும் உட்கார வேண்டும். இரண்டாவது ஆட்சேபம் நம்மவர்களிடமிருந்து வருவது: பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டால்தான் அறிவா, அங்கீகாரம் என்பதே அடக்குமுறையின் இன்னொரு முகம் இல்லையா? இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் பட்டம் என்பது வெறும் மரியாதை அல்ல. உதவித்தொகை, வேலை, பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கிற இடம். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்கிற சுதந்திரம் பெரும்பாலும் சான்றிதழ் வைத்திருக்கிறவர்களுக்கே வாய்க்கிறது.

சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இளையரசனேந்தல் பிர்க்கா 2008இல் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியோடு சேர்க்கப்பட்டபோது, ஊராட்சி ஒன்றியம் மட்டும் பழையபடி குருவிகுளமாகவே நின்றது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ரோட்டுக்கு வேறு மாவட்டம் என்று அலைந்த ஜனங்கள், இரண்டையும் ஒன்றாக்கு என்று பலமுறை போராடினார்கள். இசைக்கும் அதே நிலைமைதான். கைக்கு ஒரு ஆபீஸ், அறிவுக்கு வேறு ஆபீஸ். நாம் கேட்க வேண்டியதும் அந்த ஜனங்கள் கேட்டதைத்தான்: ரெண்டையும் ஒரே எல்லைக்குள்ள கொண்டுவாங்க.