கைப்பிடிச் சுவர்: சேலம், நாமக்கல் சமவெளியில் மதுவிலக்கும் உயிர்காப்பும்

இந்திய மதுவிலக்கு வரலாற்றில் சேலம் மாவட்டத்துக்குத் தனியிடம் உண்டு. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று, இராஜாஜியின் அமைச்சரவை இம்மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் அப்போது ஒரே மாவட்டமாக இருந்தன. கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. இந்நிகழ்ச்சியை வெற்றி என்று சிலரும் தோல்வி என்று சிலரும் எழுதியுள்ளனர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. கடை மூடப்பட்ட பின்னும் குடியை விட இயலாதிருந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதே நம் கேள்வி. அவனைக் குறித்துச் சட்டமும் திருச்சபையும் என்ன நினைத்தன என்பதையும் ஆராய்வது போதகர்களாகிய நமக்கு அவசியமாகிறது.

சேலத்து முயற்சியின் வேர்

மதுவிலக்குச் சிந்தனை இப்பகுதிக்குச் சென்னைச் செயலகத்திலிருந்து வந்ததன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர்ப்பணியும் தீண்டாமை ஒழிப்பும் நடைபெற்ற அவ்விடத்திலிருந்தே, குடியின் கேட்டை எடுத்துரைக்கும் 'விமோசனம்' என்னும் இதழ் 1929இல் வெளிவரத் தொடங்கியது. அப்பணியில் அவருக்குத் துணையாக இருந்தவர் பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி. நெசவாளியும் விவசாயக் கூலியும் அன்றாடக் கூலியில் பெரும்பகுதியைக் கள்ளுக்கடையில் இழப்பதைக் கண்கூடாகக் கண்டவர்கள், அக்கடையை மூடும் அதிகாரம் கைக்கு வந்தபோது தயங்கவில்லை.

பயனும் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் சேலத்தில் ஆய்வு நடத்தி, ஏழைக் குடும்பங்களின் நிலை முன்னேறியதை எடுத்துக்காட்டினார். கள், சாராய வருவாயை இழந்த அரசு, 1939இல் பொது விற்பனை வரியை ஏற்படுத்தியது. ஏழையின் குடியிலிருந்து வரும் பணம் அரசுக்கு வேண்டாம் என்று ஒரு அமைச்சரவை துணிந்து சொன்னது சிறிய செயலன்று.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு குறை இருந்தது. விற்பவனைப் போலவே குடிப்பவனும் குற்றவாளி என்று அது கருதியது. அதனால் குடியை விட இயலாதவன் ஊருக்கும் காவலருக்கும் மருத்துவருக்கும் முன்னால் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியவனானான். போர்க்காலத்தில் நிறுத்தப்பட்ட மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை விற்பனையையும் நடத்தி வருகிறது. கொள்கை பலமுறை மாறியது. மறைந்து குடிக்கும் ஏழையின் நிலையோ மாறவில்லை.

எச்சரிக்கை பிந்தும்போது

கள்ளச்சாராயத்தின் கொடுமை அதிலுள்ள மெத்தனால். இதற்கு நிறமில்லை. நாவினாலும் மூக்கினாலும் இதைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் இது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைத்து உயிரையும் பறிக்கிறது. இம்மாற்றம் மெதுவாக நிகழ்வதால், குடித்தவன் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே எண்ணியிருப்பான். பின்னரே வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண்மங்கல் ஆகியன தோன்றும். ஃபொமெபிசோல் என்னும் மாற்று மருந்தும், இரத்தச் சுத்திகரிப்பும் உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. ஆகவே நஞ்சு ஊருக்குள் வந்துவிட்டது என்னும் செய்தி பரவும் வேகத்தைப் பொறுத்தே உயிர்கள் தப்புகின்றன.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் அண்டை மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் தண்டனை ஆயுட்சிறை வரை கடுமையாக்கப்பட்டது. நஞ்சு விற்பவனைத் தண்டிப்பது நியாயமே. ஆனால் முந்திய இரவு குடித்துவிட்டு, மறுநாள் காலையில் நலமாக எழுந்து, தான் குடித்ததைச் சொல்ல அஞ்சி வீட்டில் படுத்திருப்பவனைத் தண்டனைச் சட்டம் காப்பாற்றாது. அவன் கதவைத் தட்டி, "இப்போதே மருத்துவமனைக்கு வா, உன்னை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்" என்று சொல்லும் ஒரு மனிதன் வேண்டும்.

நாமக்கல் நெடுஞ்சாலை கற்பித்த பாடம்

அத்தகைய மனிதர்களை இச்சமவெளி வேறொரு துன்பத்தின்போது கண்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தனர். அந்த இரத்த மாதிரிகள் முதலில் சோதிக்கப்பட்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே. லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், நாடெங்கும் ஓட்டுநர்களை அனுப்பும் ஊர். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்தவர்கள் வழியே நோய் அவர்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் எட்டியது. நாட்டிலேயே பாதிப்பு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் எண்ணப்பட்டது.

1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும், அடுத்த ஆண்டில் சென்னை வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நிறுவனம் நடத்திய தடுப்புத் திட்டமும் பணி தொடங்கின. இத்தகைய திட்டங்களின் ஊழியர்கள் லாரிகள் நிற்குமிடங்களுக்கே சென்றனர். ஓட்டுநரின் ஒழுக்கத்தை விசாரிக்காமல், ஆணுறையையும் சோதனை வசதியையும் நோய் பற்றிய செய்தியையும் கொடுத்தனர். சபைகளில் பலருக்கு இது இடறலாக இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் தொற்று பின்னர் வெகுவாகக் குறைந்தது. பிழைத்தவர்களுள் குற்றமறியாத மனைவியரும் கருவிலிருந்த பிள்ளைகளும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

ஊசியால் போதைமருந்து ஏற்றிக்கொள்வோரிடையே இதே முறை 'தீங்கு குறைப்பு' என்னும் பெயர் பெற்றது. பழக்கத்தை விடும்வரை மனிதன் உயிரோடிருக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி. வேகமாகப் பரவிய மணிப்பூர், 1996இல் இதை மாநிலக் கொள்கையாக ஏற்றது. 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தூய ஊசி வழங்குவதும், நாவினடியில் வைக்கும் மாற்று மருந்துச் சிகிச்சையும் இடம்பெற்றன.

இது தொலைவிலுள்ள மலைநாட்டுச் செய்தி என்று நாம் எண்ணவேண்டாம். அண்மைக்காலத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இளைஞர் டாபென்டடால் போன்ற வலிமாத்திரைகளை நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்கின்றனர். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையிலுள்ள மாவுப்பொருள் கரையாமல் இரத்தக் குழாய்களை அடைக்கிறது. பகிர்ந்த ஊசி எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளையும் கொண்டுவருகிறது. மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

இங்கே நம் மாவட்டத்து மைந்தர் ஒருவரை நினைவுகூர்வது தகும். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெசி பிராண்டு, எவலின் பிராண்டு தம்பதியருக்கு 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய அவர், விரல்களும் பாதங்களும் சிதைவது பெரும்பாலும் உணர்ச்சி இழந்த உறுப்புகளில் ஏற்படும் காயங்களினாலேயே என்று கண்டார். வலி என்னும் எச்சரிக்கை அவர்களுக்கு இல்லை. மருந்தினால் கிருமி அழிந்த பின்னும் இழந்த உணர்ச்சி திரும்புவது அரிது. ஆதலின் கைகால்களை நாள்தோறும் கண்ணால் சோதிக்கவும் தகுந்த காலணி அணியவும் அவர்கள் கற்பிக்கப்பட்டனர். முழுக் குணம் கிடைக்கும்வரை காயத்தைப் பொறுத்துக்கொள் என்று அம்மருத்துவர் எவருக்கும் சொல்லவில்லை. போதைக்கு அடிமைப்பட்டவனும் எச்சரிக்கை உணர்வை இழந்தவனே. அவ்வுணர்வை அவனுக்கு வெளியிலிருந்து கொடுப்பது அன்பின் செயலாகும்.

ஓர் ஆட்சேபணை

இது பாவத்துக்கு வசதி செய்து கொடுப்பதாகாதா என்று சபையார் கேட்பர். கேள்வி நேர்மையானது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும். ஒருவன் தவறி விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் சுமரும். விழுபவன் ஏன் அங்கே ஏறினான், கவனமாக நடந்தானா என்று அக்கட்டளை வினவவில்லை. சுவர் கட்டுவது விழச் சொல்வதாகாது. எசேக்கியேல் 33இல் வரும் காவற்காரனும் எக்காளம் ஊதாவிட்டால் இரத்தப்பழிக்கு உத்தரவாதியாகிறான்.

பிற நாட்டுச் சபைகளும் இக்கேள்வியோடு போராடியுள்ளன. 1999இல் சிட்னி நகரின் வேசைட் சிற்றாலயப் போதகர் ரே ரிச்மண்ட், தெருவில் இளைஞர் மடிவதைக் காணப் பொறாமல், சட்டத்தை மீறி ஆலயத்துக்குள்ளேயே அவர்களுக்குப் பாதுகாப்பான ஓர் அறை திறந்தார். 2001இல் அங்கே சட்டபூர்வமான மருத்துவக் கண்காணிப்பு மையம் ஏற்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பை யூனைட்டிங் சபை ஏற்றது. அதையே நாமும் செய்யவேண்டும் என்று கூறவில்லை. ஆயினும் அவர்களை உந்திய பாரம் நமக்கும் உரியது.

போதகர் அறியவேண்டியவை

நம் எழுப்புதல் கூட்டங்களில் குடிகாரர் பொருத்தனை செய்து அன்றே குடியை நிறுத்துகின்றனர். நாம் மகிழ்கிறோம். ஆனால் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தும்போது ஓரிரு நாட்களுக்குள் வலிப்பும், நடுக்கத்தோடு கூடிய மனக்குழப்பமும் உண்டாகலாம். அதனால் உயிரே போகலாம். அதைப் பிசாசின் பிடி என்று எண்ணி அறையில் அடைத்து வைப்பது கொலைக்கு ஒப்பாகும். பொருத்தனை செய்தவனை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஜெபத்துக்கு எதிரானதன்று.

மாத்திரைக்கோ ஊசிக்கோ அடிமைப்பட்டுச் சிகிச்சை பெற்றுத் திரும்புபவனுக்கு வேறோர் ஆபத்து உண்டு. பழைய அளவைத் தாங்கும் சக்தி அவன் உடலுக்கு இப்போது இல்லை. மீண்டும் தவறி, பழைய அளவையே எடுத்தால் அதுவே அவனைக் கொல்லும். இதை அவனுக்கும் அவன் தாய்க்கும் முன்கூட்டியே சொல்வது அவன் விசுவாசத்தைச் சந்தேகிப்பதாகாது. மூச்சு மெலிந்து உதடு நீலம் பாய்ந்து கிடப்பவனை எழுப்ப இயலாவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐ அழைக்கவேண்டும். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தகைய மாத்திரைகளின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்து உண்டு. போதையிலிருந்து மீள ஆலோசனைக்குத் தேசிய உதவி எண் 14446 உள்ளது. சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருந்தது, உட்கொண்டது போன்ற குற்றங்களுக்கு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இதை அறியாமலேயே பல பெற்றோர் பிள்ளைகளை மறைத்து வைக்கின்றனர்.

சேலத்தில் கடையை மூடியவர்கள் ஏழையின் வீட்டை நேசித்தே அதைச் செய்தனர். நாமக்கல் சாலையில் லாரிகளை நாடிச் சென்றவர்களும் அதே வீட்டையே நேசித்தனர். முந்தியவர்களிடமிருந்து வைராக்கியத்தை மட்டும் பெற்றுக்கொண்ட நம் பிரசங்கங்கள், பிந்தியவர்களிடமிருந்து பொறுமையையும் கற்கட்டும். குடித்தவனின் மனைவி நள்ளிரவில் வந்து அழைக்கத் தயங்காத வீடாகக் குருமனை இருக்கவேண்டும். மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கிறோம், அதற்குச் செவிகொடுக்க வேண்டியவன் அதுவரை உயிரோடிருக்கும்படி காப்பதும் நம் ஊழியமே.