நாலாவது தடவை கேட்டபோது: தோற்றுப்போன ஒரு பெட்டியின் வரலாறு

போன செமஸ்டர் பரீட்சை முடிந்த பின்னேரம், கன்டீன் மேசையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எங்களில் ஒருத்தி போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் இணைத்து, பெயர் சொல்லாமல் இரண்டு இசைத்துண்டுகளை அடுத்தடுத்துப் போட்டாள். இரண்டிலும் ஒரே சத்தம் இருந்தது. ரப்பரை இழுத்து விட்ட மாதிரி வளைந்து நெளிந்து, இடைக்கிடை கீச்சிடுகிற ஒரு சத்தம். "இதில எது முதல் வந்தது?" என்று கேட்டாள்.

முதலாவதில் பைரவ் ராகம் ஓடியது. பாடசாலையில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடினவர்களுக்கு அந்தச் சுரங்கள் உடனே பிடிபடும். இரண்டாவதில் ராகமும் இல்லை, பாட்டும் இல்லை. தாளமும் அந்தக் கீச்சிடலும் மட்டும் பன்னிரண்டு நிமிசம் அளவுக்கு ஓடியது. இரண்டாவதுதான் பழசு, முதலாவது யாரோ இப்ப செய்த ரீமிக்ஸ் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

பிழை. முதலாவது 1982இல் பம்பாயில் ஒலிப்பதிவானது. இரண்டாவது 1987இல் சிக்காகோவில் வெளியானது. இரண்டிலும் கேட்டது ஒரே இயந்திரம்: ரோலன்ட் டிபி-303.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு நாங்கள் இதையேதான் வாசித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தோம். ஒரே பெட்டி இரண்டு ஊர்களுக்குப் போயிருக்கிறது. ஓரிடத்தில் ஒரு புது இசையே பிறந்தது. மற்ற இடத்தில் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்?

பெட்டியிலிருந்து தொடங்குவோம். 303 ஒரு அனலொக் சிந்தசைசர். உள்ளே கணினி போல எண்களால் ஒலியைக் கணக்கிடுவது கிடையாது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதே ஒலி அலையாகிறது. ஒரு சுற்று பற்கள் நிறைந்த வாள் மாதிரியோ சதுரமாகவோ ஒரு அலையை உருவாக்கும். அதன் மேல்பகுதிச் சத்தங்களை ஒரு வடிகட்டி வெட்டும். வடிகட்டியின் குமிழைத் திருகினால் அதே சுரம் மந்தமாக இருந்து கூர்மையாகும், கூர்மையாக இருந்து கத்தும். வெப்பநிலை மாறினால் பழைய அனலொக் கருவிகளின் சுருதியும் கொஞ்சம் அசையும். இன்றைக்கு அவற்றைத் தேடித் திரிகிறவர்கள் பலர் ரசிப்பது இந்தச் சின்னச் சின்ன நிலையின்மையைத்தான்.

ஆனால் ரோலன்ட் கம்பனி 303ஐச் செய்தது யாரும் ரசிப்பதற்காக இல்லை. தடாவோ கிகுமோட்டோ என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்த வெள்ளி நிறப் பிளாஸ்ரிக் பெட்டி, தனியாகக் கிற்றார் வாசிப்பவர்களுக்குப் பக்கத்தில் பேஸ் கிற்றார் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காக 1981 கடைசியில் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை 395 டொலர். அது பேஸ் கிற்றார் மாதிரிக் கேட்கவேயில்லை. ப்ரோகிராம் செய்வதும் தலையிடி. சுரங்களை ஒரு தரமும், அவற்றின் நேர அளவை இன்னொரு தரமும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஒன்று பிசகினால் நினைத்த மெட்டு வராது, வேறொன்று வரும். ஏறக்குறைய 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது.

அதே காலத்தில், 1983இல், யமஹா டிஎக்ஸ்7 வந்தது. அது எண்முறைக் கருவி. சுருதி அசையாது, பியானோவும் மணியும் துல்லியமாகக் கேட்கும். இசைக்குழுக்கள் எல்லாம் அதன் பக்கம் ஓட, பழைய அனலொக் பெட்டிகள் செக்கன்ட் ஹான்ட் கடைகளுக்கும் அடகுக்கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. பணம் உள்ளவர்கள் வேண்டாமென்று கழித்தது பணம் இல்லாதவர்களின் கைக்கு எட்டியது.

இனிச் சிக்காகோவுக்குப் போவோம். ஆனால் பெட்டியைப் பார்க்க முதல் 1979 ஜூலை 12ஆம் திகதிக்குப் போக வேண்டும். அன்று சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்போல் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருபவர்களுக்கு 98 சதத்துக்கு ரிக்கற் கொடுத்தார்கள். சேர்ந்த இசைத்தட்டுகளை இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் மைதானத்தின் நடுவில் வைத்து வெடிக்க வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை. ஏற்பாடு செய்தவர்களுக்கு அது ஒரு வானொலி விளம்பரக் கூத்து. ஆனால் டிஸ்கோ யாருடைய இசை என்று யோசித்தால் அது வெறும் கூத்தாகத் தெரியாது. அது பெருமளவில் கறுப்பின மக்களின், லத்தீன் மக்களின், தற்பாலீர்ப்பினரின் நடனக்கூடங்களில் வளர்ந்த இசை. இசைத்தட்டை எரிக்கிறபோது அதற்கு ஆடுகிறவர்களைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. எரிப்பு என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

டிஸ்கோ சாகவில்லை. அதே நகரத்தின் கிளப்புகளுக்குள் போய், மலிவான ட்ரம் மெஷின்களோடு சேர்ந்து ஹவுஸ் இசையாக மாறியது. அங்கேதான் டிஜே பியர், ஸ்பங்கி என்கிற ஏர்ல் ஸ்மித், ஹேர்ப் ஜே என்ற மூன்று கறுப்பினப் பெடியங்கள் பியூச்சர் என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஸ்பங்கி ஒரு பழைய 303ஐ மலிவாக வாங்கிக்கொண்டு வந்தார். அதை ஒழுங்காக ப்ரோகிராம் செய்ய அவர்களுக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து ஏதோ ஒரு மெட்டு வந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பியர் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். ஒரு முறை சரியாக வைத்துவிட்டு மறந்துபோக வேண்டிய குமிழ்களை அவர் இசைக்கருவியாக்கிவிட்டார். மற்ற இருவரும் நிற்பாட்டச் சொல்லவில்லை, தொடரச் சொன்னார்கள்.

பதிந்த கசற்றை ரொன் ஹார்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் மியூசிக் பொக்ஸ் என்ற கிளப்பின் டிஜே. கறுப்பின இளைஞர்களும் தற்பாலீர்ப்பினரும் கூடுகிற இடம் அது. அந்த இரவைப் பற்றி பியர் பின்னாளில் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். முதல் தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு விலகிவிட்டார்கள். ஹார்டி விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டார். பிறகும் போட்டார். நாலாவது தடவை போட்டபோது கூட்டம் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியதாம். 1987இல் ட்ரக்ஸ் ரெக்கோட்ஸ் அதை 'ஆசிட் ட்ரக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. அடுத்த வருசமே இங்கிலாந்தின் இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்று அலைந்தார்கள்.

இப்ப பம்பாய்க்கு வருவோம். சரண்ஜித் சிங் ஹிந்தி சினிமாவின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிற்றாரும் சிந்தசைசரும் வாசித்த அனுபவசாலி. அவரிடம் 303 இருந்தது, டிஆர்-808 ட்ரம் மெஷின் இருந்தது, ஜுபிட்டர்-8 என்ற பெரிய சிந்தசைசரும் இருந்தது. மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு அல்பம் செய்தார். 303இல் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு அறாமல் வழுக்கிப் போக வைக்கிற வசதி ஒன்று இருக்கிறது. கமகத்துக்குப் பழகின காதுக்கு அது என்ன என்று உடனே விளங்கும். கிற்றார் வாசிப்பவர்களுக்கு உதவாத பெட்டி ராகத்துக்கு உதவியது.

ஆனால் அல்பம் விற்கவில்லை, கனகாலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. ஒல்லாந்தைச் சேர்ந்த ஒரு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அதை இந்தியாவில் கண்டெடுத்து 2010இல் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்களில் சிலர் இது இப்ப யாரோ செய்த போலி என்றே சந்தேகித்தார்கள், எங்களைப் போலவே! எழுபதைக் கடந்த வயதில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை வாசித்தார். 2015இல் காலமானார்.

"அப்ப ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சது இந்தியன்தானே" என்று எங்களில் ஒருத்தன் துள்ளினான். துள்ள ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் அது சரியில்லை. சிக்காகோப் பெடியங்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டு இதைச் செய்யவில்லை. அவரும் புது நடன இசை ஒன்றைத் தொடங்குகிறேன் என்று நினைக்கவில்லை. யார் முதல் என்று சண்டை பிடித்தால் இரண்டு பேரையுமே நாங்கள் தவறவிட்டுவிடுவோம்.

எங்களுக்குப் பட்டது இதுதான். சரண்ஜித் சிங்கிடம் நல்ல கருவிகள் இருந்தன, ஞானமும் இருந்தது. பியூச்சரிடம் ஒரு மலிவுப் பெட்டியும், அதை இயக்கத் தெரியாத கைகளும் மட்டுமே இருந்தன. ஆனால் அவர்களுக்கு ஒரு அறை இருந்தது. அந்த அறையில், பிடிக்காத சத்தத்தை ஒரே இரவில் நாலு தரம் போடத் துணிந்த ஒருவர் இருந்தார். விலகிப் போனாலும் வீட்டுக்குப் போகாமல் நின்ற ஒரு கூட்டம் இருந்தது. பம்பாயில் அந்த இசைத்தட்டுக்கு அப்படி ஒரு நாலாவது தடவை கிடைக்கவில்லை. இசை வரலாற்றைப் படிக்கும்போது கருவி செய்தவர் யார், வாசித்தவர் யார் என்று கேட்கிறோம். நின்று கேட்டவர்கள் யார் என்று கேட்பது குறைவு.

இன்றைக்கு ஒரு அசல் 303 வாங்கப் போனால் பல ஆயிரம் டொலர் வேணும். கழித்து விட்டதால் ஏழைப் பெடியங்களின் கைக்கு வந்த பொருள், அவர்களே அதைப் பெறுமதியாக்கிய பிறகு, அவர்களைப் போன்றவர்களுக்கு எட்டாமல் போயிருக்கிறது. அந்தச் சுற்றுகளைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள் வந்திருக்கின்றன, அதே சத்தத்தைத் தருகிற மென்பொருள்களும் இருக்கின்றன. நாங்கள் ஒரு இலவச மென்பொருளைப் பழைய லப்டொப்பில் போட்டு, மாறி மாறிக் குமிழைத் திருகிப் பார்த்தோம். ஹிந்தோளத்தில் நாலு சுரம் ஏற்றி, வழுக்கலைப் போட்டோம். முதல் தடவை, உண்மையைச் சொன்னால், பூனை கத்தின மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போய்விட்டார்கள்.

இன்னும் மூன்று தடவை போடலாம் என்று இருக்கிறோம். உங்கட வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ, பழைய இசைக்குழு வைத்திருந்த மாமாவின் அலுமாரிக்கு மேலேயோ தூசி பிடித்த கீபோட் ஏதும் கிடந்தால், பற்றரி போட்டுப் பாருங்கோ. என்ன சத்தம் வந்தாலும் உடனே நிற்பாட்டிவிடாதேங்கோ.