கூடவே போன கட்டுமரம்

சென்னைக்குத் துறைமுகம் வாய்த்தது மிகத் தாமதமாகத்தான். 17-ஆம் நூற்றாண்டில் கம்பெனிக்காரர்கள் வந்து கோட்டை கட்டியதிலிருந்து, 1861-ல் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்படும் வரை, கடல்வழியே இந்த ஊருக்கு வந்த அத்தனை பேரும் அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் கரையேற வேண்டியிருந்தது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. அதில் ஆணியே கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு தரையில் மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். பின்னால் தண்டல் நின்று திசை பிடிப்பார், எந்த அலைக்குக் காத்திருப்பது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சில நாள் தப்பும். அதற்காகவே வெள்ளைக்காரப் பயணிகள் ஏறிய படகுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு கட்டுமரங்கள் கூடவே போகும். படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களை இழுத்து மரத்தில் போடுவதுதான் அந்த மீனவர்களின் வேலை. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது மீனவரின் வீரம் மட்டுமல்ல. படகு கவிழக்கூடும் என்பதை எல்லோரும் புறப்படும் முன்பே ஒப்புக்கொண்டார்கள், அதற்குக் கூலி கொடுத்து ஆளும் வைத்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

மனிதர் விண்வெளிக்குப் போவதைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் மேலே போகிறவரின் நெஞ்சுரத்தையே பேசுகிறோம். அது இல்லாமல் முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஒரு நாடு தகுதியுள்ளதா என்பதை அளக்க வேறொரு அளவுகோல் வேண்டும். தன்னுடைய ராக்கெட் கெட்டுப்போகும் என்று நம்பி, அந்தத் தோல்விக்காக எவ்வளவு பணமும் காலமும் செலவழித்தது என்பதே அந்த அளவுகோல் என்பது என் வாதம். சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலும், அதற்கு எதிரே உள்ள வங்கக் கடலிலும் கடந்த இருபது ஆண்டுகளாக நடந்துவருவது அப்படியொரு செலவுதான்.

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3-ஆம் தேதி சோயுஸ் டி-11 கலத்தில் ஏறியது இந்தியர் அனைவருக்கும் தெரியும். இந்திரா காந்தி தொலைக்காட்சியில் கேட்ட கேள்வியும் அதற்கு அவர் சொன்ன பதிலும் பலருக்கு மனப்பாடம். அவருடன் அன்று ஏறிய இரண்டு ரஷ்யர்களில் ஒருவரான கென்னடி ஸ்திரெகாலோவின் கதையை இங்கே யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால், 1983 செப்டம்பர் 26 இரவு, பைக்கனூர் ஏவுதளத்தில் விளாதிமிர் தீத்தோவும் அவரும் இன்னொரு சோயுஸின் உச்சியில் உட்கார்ந்திருந்தார்கள். புறப்படுவதற்குச் சற்று முன் ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. தானாக எச்சரிக்க வேண்டிய கம்பிகளும் எரிந்துபோயின. கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, கலத்தின் தலையில் பொருத்தியிருந்த தப்பிக்கும் ராக்கெட்டை இயக்கினார்கள். கலம் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தது. இரண்டு வினாடி கழித்துக் கீழே ராக்கெட் வெடித்தது. சில வினாடிகளுக்கு உடல் எடை பதினான்கு மடங்குக்கும் மேலாக அழுத்த, இருவரும் சில கிலோமீட்டர் தள்ளிப் பாராசூட்டில் வந்து இறங்கினார்கள், உயிரோடு. அந்த மனிதர்தான் ஆறு மாதத்தில் மறுபடியும் ஏறி, நம் ஊர்க்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இதைத் தனி மனிதரின் துணிச்சல் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் 1983-ல் அந்தத் தப்பிக்கும் ராக்கெட் இல்லாதிருந்தால், 1984-ல் துணிச்சலைக் காட்ட ஸ்திரெகாலோவே இருந்திருக்க மாட்டார்.

எதிர்ப்பக்கத்துச் சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. விண்வெளி ஓடத்தின் முதல் நான்கு பயணங்களில் இரண்டே பேர் போனார்கள், இருவருக்கும் வெளியே எறியும் இருக்கைகள் இருந்தன. பிறகு ஓடம் சோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இனி வழக்கமான போக்குவரத்துதான் என்று முடிவு செய்தபோது அந்த வசதி போய்விட்டது. ஏழு பேர் உட்காரும் ஓடத்தில் எல்லோருக்கும் அப்படி இருக்கை வைக்கவும் இடமில்லை. 1986 ஜனவரி 28-ல் சாலஞ்சர் 73-ஆவது வினாடியில் சிதறியபோது உள்ளே இருந்த ஏழு பேருக்கு எந்த வழியும் இல்லை. ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்று முந்தைய இரவு பொறியாளர்கள் எச்சரித்தும் ஏவினார்கள். 2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியா உடைந்தபோது கல்பனா சாவ்லாவும் போனார். புறப்படும்போதே நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது தெரிந்திருந்தது; படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலிடம் ஏற்கவில்லை. 135 பயணங்களில் இரண்டு ஓடங்கள், பதினான்கு உயிர்கள். அந்தப் பதினான்கு பேரில் யாருக்கும் துணிவுக்குக் குறைவில்லை. குறைந்தது அனுப்பியவர்களின் அச்சம்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தை இந்தியா 2018 ஆகஸ்டு 15-ல் அறிவிப்பதற்கு வெகு முன்பே, ஆளை அல்ல, ஆள் வரவேண்டிய பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை தொடங்கிவிட்டது. 2007 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி.யில் போன ஒரு சிறிய கலம் பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் விழுந்து மீட்கப்பட்டது. 2014 டிசம்பர் 18-ல் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் முதல் பறத்தலில் ஆள் அமரும் அளவுள்ள கலம் அனுப்பப்பட்டு, அந்தமான் பக்கம் கடலில் இறங்கியது. கடலோரக் காவல் படைக் கப்பல் அதை எடுத்து எண்ணூர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. 2018 ஜூலை 5 காலை நடந்த சோதனையில் ராக்கெட்டே கிடையாது. ஏவுதளத்தில் நிற்கும்போதே விபத்து என்றால் என்ன செய்வது என்று பார்ப்பதற்காக, 12.6 டன் எடையுள்ள தப்பிக்கும் அமைப்பும் கலமும் மட்டும் கிளம்பி, சுமார் 2.7 கிலோமீட்டர் உயரம் போய், 259 வினாடியில் எல்லாம் முடிந்தது. அடுத்தது 2023 அக்டோபர் 21. வானிலையால் தள்ளிப்போன நேரம் கடைசியில் வந்தபோது, ஏவ ஐந்து வினாடி இருக்கையில் கணினி தானே நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டறிந்து பத்து மணிக்கு ஏவினார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிய நிலையில், சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில், ராக்கெட் கெட்டுவிட்டதாகப் பாவித்து, தப்பிக்கும் மோட்டார்கள் கலத்தைப் பிய்த்து எடுத்தன. பாராசூட்டுகள் ஒன்றையொன்று இழுத்து விரிந்தன. கரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் கலம் தண்ணீரைத் தொட்டது, கடற்படையின் ஐ.என்.எஸ். சக்தி அதைத் தூக்கிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. ஒரு குறை மட்டும் இருந்தது. மீட்புக்குழு போனபோது கலம் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. அதை நிமிர்த்தும் அமைப்பு அந்தச் சோதனையில் இல்லை. வெற்றிச் செய்தியோடு இந்தக் குறையையும் வெளிப்படையாகச் சொன்னதுதான் எனக்கு அந்தச் சோதனையின் நல்ல பகுதியாகப் படுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எளிதாக வரும். பாதுகாப்பை உறுதி செய்துகொண்டு போவதில் என்ன வீரம் இருக்கிறது? மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாகோமோ த'ஆஞ்சலிஸ் 1910-ல் சிம்ப்சன் கம்பெனியில் தானே வரைந்த விமானத்தைச் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் கூட்டத்துக்கு முன் பறந்து காட்டினார். அவருக்கு யார் கட்டுமரம் அனுப்பினார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அவர் தன் பணத்தில் செய்த வண்டியில் தன் உயிரைத்தான் வைத்தார். எப்போது ஏறுவது, எப்போது வேண்டாம் என்பதும் அவர் கையில் இருந்தது. அரசு தேர்ந்தெடுத்து அனுப்பும் விமானிக்கு அந்த உரிமை கிடையாது. அவர் ஏறுவது தான் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் முடுக்கிய திருகின் மேல். முன்னோடி என்று நாம் கொண்டாடும் யூரி ககாரினுக்கே 1961-ல் வெளியே எறியும் இருக்கை இருந்தது; அவர் கலத்தோடு தரையிறங்கவில்லை, பல கிலோமீட்டர் உயரத்தில் வெளியேறித் தனிப் பாராசூட்டில் வந்தார். அந்த எச்சரிக்கையைத் தளர்த்தி, குறைகள் தெரிந்திருந்தும் அவசரப்பட்டு 1967 ஏப்ரலில் விளாதிமிர் கோமரோவை அனுப்பினார்கள். பாராசூட் விரியாமல் அவர் தரையில் மோதி இறந்தார்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது, அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மசூலாக் காலத்துக் கட்டுமரம் எல்லோருக்கும் கூடப் போகவில்லை, துரைமார்களுக்குத்தான் போனது. துடுப்புப் போட்டவர்கள் கவிழ்ந்தால் நீந்திக்கொள்ள வேண்டியதுதான். விண்வெளியிலும் இந்த ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. இந்திய விண்வெளித் திட்டத்துக்காக உயிர்விட்டவர்கள் யாரும் விண்வெளிக்குப் போனவர்கள் அல்லர். 2004 பிப்ரவரி 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலையில் வெடித்த தீயில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் பெயர் எந்தத் தபால்தலையிலும் வந்ததாகத் தெரியவில்லை. பிரேசிலில் அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஏவுதளத்திலேயே 21 பேர் போனார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான், அது அவர்களின் ஒருநாள் கூலி. தப்பிக்கும் அமைப்பு என்ற எண்ணத்தை நேர்மையாக நீட்டினால், அது கலத்தின் தலையில் முடியாது. எரிபொருள் கலக்கும் கொட்டகைக்கும் போக வேண்டும். அங்கே ஆளைத் தள்ளி நிறுத்தி எந்திரத்தை வைப்பது, சுவர் எழுப்புவது, அளவைக் குறைப்பது எல்லாம் அதே வகைச் செலவு. அதைக் கேட்பவர்கள் விண்வெளிப் பயணத்துக்கு எதிரிகள் அல்லர்.

மனிதரை அனுப்பத்தான் வேண்டுமா என்றால், அறிவியலுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். 2023 ஆகஸ்டு 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ல் ஆள் இல்லை. இருந்திருந்தால் செலவு பன்மடங்காகியிருக்கும். மனிதரை அனுப்புவதில் நாட்டின் பெருமையும் ஆசையும் கலந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. பெருமைக்காகவும் அனுப்புகிறோம் என்று ஒப்புக்கொண்டால், திருப்பிக் கொண்டுவரும் கடமை இன்னும் கூடுகிறது. 2024 பிப்ரவரி 27-ல் திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்ட நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள். புது விமானம் எங்கே தவறும் என்று தேடிப் பார்ப்பதே அவர்கள் தொழில். அஜித்தைச் சொந்த ஊர்க்காரர் என்று கொண்டாடுகிற நகரம், அவர் எப்போது போவார் என்பதோடு எதில் போவார் என்றும் கேட்கலாம்.

தாமதம்தான் கடைசி மறுப்பு. 2022-க்குள் என்றார்கள், அந்த ஆண்டு வந்து போய்விட்டது. சீனா 2003-லேயே ஆளை அனுப்பிவிட்டது. தாமதத்தில் நிர்வாகக் குறையும் இருக்கலாம், அதை விமர்சிப்பது சரிதான். ஆனால் நிறுத்துவதையே தோல்வியாக எண்ணும் மனப்போக்கு வேறு. அடையாறு ஓரத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024-ல் தன் முதல் சோதனை ராக்கெட்டை நான்கு முறை ஏவாமல் நிறுத்தியது, மே 30-ல் ஐந்தாவது முயற்சியில்தான் அது பறந்தது. ஆளில்லாத சிறு ராக்கெட்டுக்கே இந்தப் பொறுமை. 2025-ல், அந்த நால்வரில் இன்னொருவரான சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போகவேண்டிய ஃபால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜன் கசிவு தெரிந்தது. குமரி மாவட்டத்துக்காரரும் குளிர்நிலை எரிபொருளில் ஊறியவருமான இஸ்ரோ தலைவர் வி. நாராயணனின் குழு, கசிவை முழுதாகச் சரிசெய்யாமல் ஏவக் கூடாது என்று நின்றது. ஜூன் 11-ல் போக வேண்டியவர் 25-ல் போனார். விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவைப் பார்த்ததும் அந்த இடைவெளிக்கு இன்னொரு காரணம். அந்த இரண்டு வாரத்தில் தேதி ஏன் மாறிக்கொண்டே போகிறது என்று பலரும் அலுத்துக்கொண்டார்கள். ஜூலை 15-ல் கலிபோர்னியாக் கடலில் இறங்கிய கலத்திலிருந்து சுக்லா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.