ஒரு கிண்ணம் நூடுல்ஸும் ஒரு மாச் சாக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் டொரொண்டோவில் ஒரு சிறிய கொரிய உணவகத்தில் இரவுணவு உண்ண நேர்ந்தது. 'கல்குக்சு' என்றார்கள். 'கல்' என்றால் கத்தி, 'குக்சு' என்றால் நூடுல்ஸ். பிசைந்த கோதுமை மாவைத் தட்டையாக்கி, மடித்து, கத்தியால் நறுக்கி, கொதிக்கும் சூப்பில் இட்டுத் தருவது. சுவை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த இரவை நான் மறவாதிருப்பதற்குக் காரணம் சுவையன்று. உணவகத்து முதியவர் சொன்ன ஒரு செய்தி.

கொரியாவில் கோதுமை ஒரு காலத்தில் அரிய பொருள் என்றார் அவர். போருக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் அமெரிக்க உதவி மா வந்து குவிந்ததாம். சாக்கின்மேல் கைகுலுக்கும் இரு கரங்களின் படம் இருக்கும் என்று தம் கைகளைக் கோத்துக் காட்டினார். நான் திடுக்கிட்டேன். எழுபதுகளில் திருகோணமலையில் என் தாயார் அதே கரங்கள் அச்சிட்ட சாக்குத் துணியில்தான் எங்களுக்குத் தலையணை உறை தைத்தார். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் கரங்கள் முற்றாக அழிந்ததில்லை.

1950 ஜூனில் தொடங்கிய கொரியப் போர் இலங்கையையும் தொட்டது. முதலில் இறப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது, பின்னர் சரிந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ உயர்ந்து நின்றது. 1952 டிசம்பரில் இலங்கை, அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது, சீனாவுடன் இறப்பர் - அரிசி உடன்படிக்கை செய்துகொண்டது. அதுவும் போதவில்லை. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது, உயிர்கள் பலியாகின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டம் அதன் உபரி கோதுமைக்கு உலகெங்கும் வழி திறந்தது. தென்கொரியாவில் 1963இல் உடனடி நூடுல்ஸ் விற்பனைக்கு வந்தது. 1969 முதல் சில ஆண்டுகள், வாரத்தில் இரு நாட்கள் உணவகங்களில் பகலில் சோறு விற்கத் தடை இருந்தது. சோறுண்ணும் ஓர் இனத்தை அரசே மா உணவுக்குப் பழக்கியது. பாணும் ரொட்டியும், கோதுமை மாவை அவித்துச் செய்த இடியப்பமும் பிட்டும் நம் அடுக்களைக்குள்ளும் புகுந்துவிட்டன.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நின்று நோக்கினால், நீருக்கு அப்பால் சீனன்குடாப் பக்கம் பிறீமா மா ஆலையின் உயர்ந்த களஞ்சியங்கள் தெரியும். சிங்கப்பூர் நிறுவனமொன்றுடன் 1977இல் ஒப்பந்தமாகி, 1980இல் இயங்கத் தொடங்கிய ஆலை அது. கோதுமை கப்பலில் வரும். மாவாகி நாடெங்கும் செல்லும். எங்கள் ஊரிலேயே அரைத்தும் நம்மவர் பலர் இன்னும் அதனை 'அமெரிக்கன் மா' என்றே அழைக்கிறார்கள். பெயர் வைத்த காலம் போய்விட்டது, பெயர் போகவில்லை.

அந்த ஆலையிலிருந்து சற்றுத் தொலைவில்தான் தம்பலகாமத்து வயல்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. மறு ஆண்டு உக்ரேன் போரும் அந்நியச் செலாவணிப் பஞ்சமும் சேர்ந்து மாவின் விலையையும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயின. சோறும் பாணும் ஒருசேரக் கைவிட்ட நாட்கள் அவை. கொரியா எழுபதுகளின் பிற்பகுதியில் அரிசியில் தன்னிறைவு கண்டது. நூடுல்ஸ் அங்கு விரும்பி உண்ணும் உணவாயிற்று. நாமோ ஒரு மணி கோதுமைகூட விளையாத மண்ணில், காலையுணவைக் கப்பலிடம் ஒப்படைத்துவிட்டோம்.

முதியவர் அன்று இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார். தம் தாயாரும் அந்தச் சாக்குத் துணியை வீசியதில்லை என்றார். என்ன தைத்தார் என்று கேட்டேன். "எனக்குக் காற்சட்டை" என்று சிரித்தார்.