கதிர்வீச்சு மருத்துவமும் புற்று செல்லின் வளர்சிதைமாற்றமும்

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கதிர்வீச்சு மருத்துவத்துக்குப் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. கொடைக்கானலிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ மதுரைக்கு இறங்கி, வாரத்துக்கு 5 நாள் வீதம் ஆறேழு வாரம் தங்கி வைத்துக்கொள்ள வேண்டிய சிகிச்சை. மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ் கதிரோ காமா கதிரோ செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. அறுந்தது ஒட்டிக்கொள்ளுமா என்பது செல்லின் சமையற்கட்டை, அதாவது வளர்சிதைமாற்றத்தைப் பொறுத்தது.

புற்று செல் ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது என்று 1920களில் பெர்லினில் கண்டவர் ஓட்டோ வார்பர்க். 1953இல் பிரிட்டனில் எல்.எச். கிரே குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது: அறுந்த இடத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் காயம் நிலைத்துவிடும், இல்லாத இடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் தேவை. மறு ஆண்டே, 1954இல், சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கனடா தந்த, காமா கதிர் வீசும் கோபால்ட்-60 கருவியும் அங்கு வந்தது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் மலைக்காரர்களுக்குக் கதிர் பலிக்காது என்று முடிவுகட்ட வேண்டாம். கட்டிக்குள் நிலவும் பஞ்சம் வேறு: ரத்தக்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ரத்தசோகை இருந்தால் பஞ்சம் முற்றும். கருப்பைவாய்ப் புற்றுக்காரரிடம் டாக்டர் “முதல்ல ரத்தம் ஏத்தணும்” என்பது அதனால்தான்.

கதிர் பட்ட செல்லும் சும்மா இருப்பதில்லை. அறுந்ததைத் தைக்க ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறும் என்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறும் கரைகின்றன. குளுக்கோஸில் ஒரு பகுதியைப் பக்கவழியில் திருப்பி, கதிர் கிளப்பும் நச்சு மூலக்கூறுகளை அடக்கும் குளுட்டதயோனைப் புதுப்பித்துக்கொள்கிறது. எச்.ஐ.எஃப்-1 என்ற புரதம் பெருகி, சர்க்கரையை இன்னும் உள்ளே இழுக்கிறது.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் செல்லின் ஆக்சிஜன் செலவைக் குறைக்குமே, கதிரோடு கொடுத்தால் என்ன என்று நுரையீரல் புற்றில் பார்த்தார்கள். 2021இல் வெளியான இரு சோதனைகளும் பலன் காட்டவில்லை. ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றி மனித உடலில் தோற்பது இத்துறைக்குப் பழக்கம்தான்.

புற்று செல்லின் சர்க்கரைப் பசியைப் படம்பிடிப்பது பெட் ஸ்கேன். ஃப்ளோரின்-18 கோர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். அந்த ஃப்ளோரினின் அரை ஆயுள் 110 நிமிடம். மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறும் மூன்று மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேய்ந்துவிடும். கதிர் முடிந்த கையோடு எடுத்தால் வெந்த திசுவின் அழற்சியும் புற்றைப்போலவே ஒளிரும். தலை, கழுத்துப் புற்றில் இதற்காகவே சுமார் 12 வாரம் பொறுத்து எடுக்கிறார்கள்.