குடியை விட்டவர்கள் கூடும் இடம்

ஏ.ஏ. மீட்டிங் என்றால் பலருக்கும் தெரியும். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற முழுப்பெயர் தெரியாதவர்கள்கூட, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லும் அந்தக் காட்சியைச் சினிமாவிலாவது பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தக் கூட்டத்தின் பாட்டனார் பிறந்தது ஒரு மதுக்கடையில்!

1840 ஏப்ரல். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு டேவர்னில் வழக்கமாகச் சந்திக்கும் ஆறு குடிகாரர்கள், இனித் தொடுவதில்லை என்று தங்களுக்குள் சத்தியம் செய்துகொண்டார்கள். ஒரு சங்கம் அமைத்து, அதற்கு வாஷிங்டன் பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் உபதேசம் செய்யவில்லை. குடித்துக் கெட்ட கதையை ஒளிக்காமல் சொன்னார்கள். அதுவே ஊரை இழுத்தது. ஓரிரு ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 1842இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த அவர்களுடைய கூட்டத்தில் ஓர் இளம் வக்கீல் பேசினார். பெயர் ஆபிரகாம் லிங்கன். பிறகு அரசியலும் மதுவிலக்குச் சண்டையும் உள்ளே புகுந்தன. பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் சங்கம் கரைந்தது.

அடுத்த இழை சுவிட்சர்லாந்தில் கிடைக்கிறது. ரோலண்ட் ஹசார்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர், குடியிலிருந்து மீள மனநல மேதை கார்ல் யுங்கிடம் போனார். மருத்துவத்தால் ஆகாது, ஆழமான ஆன்மிக அனுபவம் ஒன்றே வழி என்று யுங் கையை விரித்துவிட்டார். ஹசார்ட் போய்ச் சேர்ந்த இடம் ‘ஆக்ஸ்ஃபோர்டு குழு’ என்ற கிறிஸ்தவ அமைப்பு. அதை நடத்தியவரோ பென்சில்வேனியாவில் பிறந்த ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் சிலர் தென்னாப்பிரிக்காவில் ரயிலேறியபோது, அவர்களுடைய பெட்டியில் யாரோ ஒட்டிய சீட்டிலிருந்து வந்ததாம் குழுவின் பெயர். ஹசார்ட் அங்கே கற்றது எபி தாச்சர் என்ற இன்னொரு குடிநோயாளிக்குப் போனது. 1934 நவம்பரில் தாச்சர் அதைத் தன் குடிநண்பர் பில் வில்சனிடம் கொண்டுபோனார். அடுத்த மாதமே வில்சன் குடியை நிறுத்தினார்.

1935 மே மாதம். ரப்பர் நகரமான ஆக்ரனில் ஒரு கம்பெனிப் போட்டியில் தோற்றுப்போய், மேஃபிளவர் ஓட்டலில் தனியாக நின்றார் வில்சன். ஒரு பக்கம் பாரின் கலகலப்பு, மறுபக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். தொலைபேசிப் பக்கம் போனார். முன்பின் தெரியாத ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் கொடுத்த பெயர்கள் வழியாக, டயர் தொழிலதிபர் குடும்பத்து மருமகள் ஹென்ரியெட்டா சைபர்லிங்கைப் பிடித்தார். அவர் அறிமுகப்படுத்தியவர், குடியில் மூழ்கியிருந்த அறுவைசிகிச்சை டாக்டர் பாப் ஸ்மித். பதினைந்தே நிமிடம் என்று வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை சறுக்கினார். ஜூன் 10 காலை ஆபரேஷன் செய்யவேண்டியவரின் கை நடுங்க, நடுக்கம் தணிய ஒரு பாட்டில் பீரைக் கொடுத்ததும் வில்சன்தான்! டாக்டர் குடித்த கடைசி மது அது. அந்த நாளே ஏ.ஏ.யின் பிறந்தநாளானது.

கவனியுங்கள்: உதவி கேட்டு அலைந்தவர் டாக்டர் அல்லர். குடியை விட்டு ஐந்து மாதமான வில்சனே, தான் தப்பிக்க இன்னொரு குடிநோயாளியைத் தேடினார்.

1939இல் ஏ.ஏ.யின் புத்தகம் வந்தது. மீட்டிங் இல்லாத ஊர்க்காரர்களுக்கு, அதில் அச்சிட்டிருந்த நியூயார்க் அஞ்சல்பெட்டி எண்ணே வாசல். பணம் கேட்டுப் பெருஞ்செல்வந்தர் ராக்ஃபெல்லரிடமும் போயிருந்தார்கள். பெரும்பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் சிறு தொகையோடு நிறுத்திக்கொண்டார். இன்றும் வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. 1941 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகை ஏ.ஏ. பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 2,000 உறுப்பினர்கள் ஆண்டு முடிவில் 8,000 ஆனார்கள். கரையேற நாளாகும் கப்பல்காரர்களுக்குக் கடிதமே மீட்டிங்கானது.

ஏ.ஏ.யைப் பார்த்துச் செய்தவர்களும் பெருகினார்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு 1951இல் அல்-அனான், போதைமருந்துக்கு 1953இல் நார்கோட்டிக்ஸ் அனானிமஸ், சூதாட்டத்துக்கு 1957இல் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ். ஜப்பான்காரர்கள் மட்டும் ‘அனானிமஸ்’ பகுதியைக் கத்தரித்துவிட்டார்கள். அவர்களுடைய ‘டான்ஷுகாய்’ கூட்டங்களில் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், சந்தா கட்ட வேண்டும், மனைவியும் கூட வருவார்.

ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது 1957இல். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, குடி ஒழுக்கக்கேடல்ல, நோய் என்ற பேச்சு தமிழ்க் குடும்பங்களிலும் நுழைந்தது.

இன்று ஏ.ஏ.யின் ‘மீட்டிங் கைடு’ செயலி பக்கத்துக் கூட்டத்தைக் காட்டுகிறது. 2020 ஊரடங்கில் கூட்டங்கள் ஜூமுக்குள் குடியேறின. அதே ஆண்டு வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமலிருக்க ஏ.ஏ. வழி மற்றச் சிகிச்சைகளைவிட மேல், மற்ற அளவுகளில் அவற்றுக்குச் சளைத்ததல்ல என்றது. தேடுபவர்களுக்கு இரண்டு விவரங்கள். ‘ஓபன் மீட்டிங்’ என்றால் யாரும் போகலாம். ‘குளோஸ்டு’ என்றால் குடியை நிறுத்த விரும்புபவர்கள் மட்டும். ஆண்டுக்கணக்கில் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கதவைத் தட்டத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: உள்ளே இருப்பவர் உங்களுக்குத் தர்மம் செய்ய உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் வருவதில் அவருக்கும் லாபம் உண்டு.