கிறிஸ்தவத்தில் குடும்ப ஒப்புரவு

பகைத்துப் பிரிந்தவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டும் மன்னித்தும் மீண்டும் சேர்வதைக் கிறிஸ்தவ மரபு ஒப்புரவு என்கிறது. கடவுளோடு ஒப்புரவாவதும் சக மனிதரோடு ஒப்புரவாவதும் இந்த மரபில் பிரிக்க முடியாதவை. இயேசு கற்பித்த ஜெபத்தில் இரண்டும் ஒரே வேண்டுதலுக்குள் வருகின்றன. ஆனால் மன்னிப்பது வேறு, மறுபடி சேர்ந்து வாழ்வது வேறு. அடிபட்டவர் தனியாக மன்னித்துவிடலாம். உறவு திரும்ப வேண்டுமானால் அடித்தவரும் வந்தாக வேண்டும். பிரசங்க மேடைகளில் அடிக்கடி விட்டுப்போகும் இந்த வேறுபாட்டை வேதாகமக் கதைகள் எங்கும் விட்டுவிடுவதில்லை.

ஆதியாகமம் தொடக்கம் முதலே குடும்பச் சண்டைகளின் புத்தகம். முதல் கொலையே அண்ணன் தம்பியைக் கொன்றது. அதில் ஒப்புரவின் முதல் பெரிய கதை யாக்கோபு, ஏசா என்ற இரட்டையருடையது. பார்வை மங்கிய தகப்பனிடம் கைகளில் வெள்ளாட்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை யாக்கோபு வாங்கிவிடுகிறான். அப்பா கண்மூடியதும் அவனைக் கொல்வேன் என்கிறான் ஏசா. தாய் ரெபெக்காள் இளையவனை ஆரானிலுள்ள தன் சகோதரன் லாபான் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியது 20 ஆண்டாகிறது.

அவன் திரும்பி வரும் வழியில், ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்ற செய்தி கிடைக்கிறது. யாக்கோபு செய்ததை வேதாகமம் கணக்குப் புத்தகம்போல எழுதி வைத்திருக்கிறது: 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா, கன்றுகளோடு பால் ஒட்டகம் 30, பசு 40, காளை 10, பெண் கழுதை 20, கழுதைக்குட்டி 10. எல்லாவற்றையும் மந்தை மந்தையாகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறான். கடைசியில் தானே முன்னால் போய், ஏழு முறை தரையில் விழுந்து வணங்குகிறான். ஏசா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட, இருவரும் அழுகிறார்கள்.

எபிரேய மூலத்தில், அந்த முத்தத்தைக் குறிக்கும் சொல்லின் ஒவ்வோர் எழுத்தின் மேலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த முத்தம் மனதாரக் கொடுத்ததுதானா என்று யூத ரபிகள் இந்தப் புள்ளிகளை வைத்து நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். அதன் பிறகு நடப்பதும் கவனிக்க வேண்டியது. சேர்ந்தே போகலாம் என்று ஏசா கூப்பிடுகிறான். பிள்ளைகள் சிறுசுகள், ஆடுமாடுகள் கறவையாக இருக்கின்றன, நீ முன்னே போ, நான் உன் ஊரான சேயீருக்கு வந்துசேர்கிறேன் என்கிறான் யாக்கோபு. அப்படிச் சொன்னவன் சுக்கோத்துக்குப் போய் அங்கே வீடு கட்டிக்கொள்கிறான். அண்ணன் தம்பி இருவரையும் நாம் மறுபடி ஒன்றாகப் பார்ப்பது தகப்பன் ஈசாக்கை அடக்கம் செய்யும் இடத்தில்தான். கொலைவெறி போய்விட்டது, குடித்தனம் தனித்தனி. இதையும் வேதாகமம் சமாதானமாகவே ஏற்றுக்கொள்கிறது.

யாக்கோபின் மகன் யோசேப்பின் கதை இன்னும் ஆழமானது. 17 வயதுப் பையனை அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பஞ்சத்தில் தானியம் கேட்டு எகிப்துக்கு வந்து நிற்கும் அதே அண்ணன்மாருக்கு எதிரே அதிகாரியாக உட்கார்ந்திருப்பவன் அவன்தான். அவனுக்கு அவர்களைத் தெரிகிறது, அவர்களுக்கு அவனைத் தெரியவில்லை. உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பாளனை வைத்துக் கடுமையாகப் பேசுகிறான். அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து வைக்கிறான். கடைக்குட்டி பென்யமீனை அழைத்து வரச் சொல்கிறான். பிறகு பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிக் கோப்பையை ஒளித்துவைத்து அவனைத் திருடனாக்குகிறான்.

இது பழிவாங்கல் அல்ல. அன்று இருந்த அதே நிலைமையை அவன் திரும்பவும் உண்டாக்குகிறான்: அப்பாவின் செல்லப்பிள்ளை மாட்டிக்கொண்டிருக்கிறான், அவனை விட்டுவிட்டால் மற்றவர்கள் பிழைத்துக்கொள்ளலாம். அப்போது யூதா முன்னே வருகிறான். தம்பியை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்னவன் அவன். பையனை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று மன்றாடுகிறான். ஆதியாகமத்தில் ஒரு மனிதர் பேசும் மிக நீண்ட பேச்சுகளில் ஒன்று இது. அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அரண்மனைக்கே கேட்கும்படி அழுது, தான் யார் என்று சொல்கிறான்.

அதோடு முடிந்துவிடவில்லை. யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டு வாழ்ந்து இறக்கிறார். அடக்கம் முடிந்ததும் அண்ணன்மாருக்குப் பழைய பயம் திரும்புகிறது. அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு ஆளனுப்புகிறார்கள். யோசேப்பு மறுபடி அழுகிறான், மறுபடி தேற்றுகிறான். மன்னித்தவருக்கு ஆறிப்போன புண், மன்னிக்கப்பட்டவருக்கு ஆறாமல் இருக்கலாம் என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன கதை குறைவு.

தோற்றுப்போன ஒப்புரவும் வேதாகமத்தில் உண்டு. தாவீது ராஜாவின் மூத்த மகன் அம்னோன் தன் மாற்றாந்தாய் மகளான தாமாரைக் கெடுக்கிறான். ராஜா கோபப்படுகிறார், ஆனால் எதுவும் செய்யவில்லை. தாமார் தன் உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் வீட்டில் பாழாய்க் கிடக்கிறாள். இரண்டு ஆண்டு காத்திருந்து, ஆட்டு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்லச்செய்துவிட்டு, தாய்வழிப் பாட்டன் ஆளும் கேசூருக்கு ஓடிப்போய் மூன்று ஆண்டு இருக்கிறான். சேனாபதி யோவாப் நடுவே புகுந்து அவனைக் கூட்டி வருகிறான். வந்தும் இரண்டு ஆண்டு தகப்பன் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. யோவாபை வரவழைப்பதற்காக அப்சலோம் அவன் வாற்கோதுமை வயலுக்கே தீ வைக்கிறான். கடைசியில் ராஜா மகனை அழைத்து முத்தமிடுகிறார். தாமாரைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்து அப்சலோமைப் பார்ப்பது நகர வாசலில். உங்கள் வழக்கைக் கேட்க ராஜாவிடம் ஆளில்லை, நான் இருந்தால் நியாயம் செய்வேன் என்று வருவோர் போவோரிடம் சொல்லி, அப்படியே கலகத்தைத் திரட்டுகிறான். போரில் கர்வாலி மரத்தில் சிக்கித் தொங்கும்போது யோவாபே அவனைக் குத்துகிறான். முதல் குற்றத்தைத் தொடாமல் கொடுத்த முத்தம் அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை. குடும்ப மானத்துக்காக விஷயத்தை மூடிமறைத்து, எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கத் துடிப்பவர்கள் வாசிக்க வேண்டிய அதிகாரங்கள் இவை.

சுவிசேஷங்களில் இயேசு இதை வழிபாட்டோடு இணைக்கிறார். பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் (மத்தேயு 5). லூக்கா 15இல் வரும் கெட்டகுமாரன் உவமை உலகம் அறிந்தது. அதில் திரும்பி வரும் இளைய மகனை நோக்கித் தகப்பன் ஓடுகிறார், மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை முடிக்கும் முன்பே அங்கி, மோதிரம், பாதரட்சை என்று கட்டளையிடுகிறார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்த மகன் உள்ளே வர மறுக்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. ரெம்ப்ராண்ட் தம் கடைசிக் காலத்தில் இந்த உவமையை வரைந்த ஓவியம், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருப்பது, அந்த மூத்தவனைத் தள்ளி நிற்க வைத்திருக்கிறது. டச்சுக் குருவானவர் ஹென்றி நௌவென் 1986இல் அதன் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து, பின்பு 1992இல் வெளிவந்த நூலில் தம்மை இளையவனாகவும் மூத்தவனாகவும் கண்டதை எழுதினார்.

இயேசுவின் வீட்டிலேயே விரிசல் இருந்தது. அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்கிறார் யோவான். உயிர்த்தபின் அவர் யாக்கோபுக்குத் தரிசனமானார் என்று பவுல் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறார். இயேசுவின் சகோதரரான அந்த யாக்கோபு பின்பு எருசலேம் சபையின் தலைவர்களில் ஒருவர்.

ஆதிச் சபை இதற்கு நடைமுறை வகுத்தது. அண்டை அயலாரோடு சண்டையிட்டவர் ஒப்புரவாகும்வரை ஞாயிறு கூடுகையில் சேரக்கூடாது என்கிறது டிடாக்கே என்ற பழைய நூல். 3ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுந்த டிடஸ்காலியா, பிணக்குகளைத் திங்கட்கிழமையே விசாரிக்கச் சொல்கிறது. தீர்ப்பில் மனத்தாங்கல் இருந்தாலும் அடுத்த ஞாயிறுக்குள் ஆற்றிவிட நாள் இருக்கும் என்பது கணக்கு.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரிய நோன்புக்கு முந்தைய ஞாயிறு மாலை, ஒருவர் முன் ஒருவர் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். பல்கேரியாவில் அன்று இளையவர்கள் பெற்றோரையும் மூத்தோரையும் தேடிப்போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். கேரளத்தின் மலங்கரை சபைகளில் நோன்பின் முதல் திங்களன்று நடக்கும் 'சுப்கோனோ' ஆராதனையில் குருவானவரும் சபையாரிடம் மன்னிப்புக் கேட்கிறார். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட நற்கருணை ஆராதனையில் சமாதானம் பகிரும் வழக்கத்தைச் சபையார் எல்லாருக்கும் உரியதாக்கியது: வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர, இருவரும் இடக்கையால் மற்றவர் வலக்கையை மூடுவார்கள்.

புனிதர்களில் குடும்ப ஒப்புரவுப் பணிக்குப் பேர்போனவர் போர்த்துகல் அரசி எலிசபெத். கணவர் தினிஸ் மன்னர் தம் சட்டபூர்வமற்ற மகனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று அவர்களுடைய மகனும் வாரிசுமான அபோன்சு படை திரட்டியபோது, 1323இல் அல்வலாடேயில் இரு சேனைகளுக்கும் நடுவே அரசி போய் நின்றதாக மரபு சொல்கிறது. மகனுக்கும் காஸ்தீல் மன்னனான பேரனுக்கும் பகை மூண்ட 1336இல், தள்ளாத வயதில் சமாதானம் பேசப் பயணப்பட்டு, எஸ்திரெமோஸில் காலமானார். போர் நடந்தே தீர்ந்தது. ஆனாலும் 1625இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

குடும்ப வன்முறை வெளிப்படையாகப் பேசப்படத் தொடங்கியபின், மன்னி என்ற கட்டளையே அடிபடுகிறவர்களை அடிப்பவரிடம் திருப்பியனுப்பும் கருவியாகிவிட்டதே என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கப் போதகர் மேரி ஃபார்ச்சூன், குற்றத்தை ஏற்பதும் நீதியும் முன்னே வர வேண்டும், மன்னிப்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதிட்டார். பாப்பரசர் பிரான்சிஸ் தம்பதிகள் சமாதானமாகாமல் ஒரு நாளை முடிக்க வேண்டாம் என்று ஓயாமல் சொன்னவர். அவரே 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' மடலில், துணையையோ பிள்ளைகளையோ கொடுமையிலிருந்து காக்கப் பிரிந்துபோவது சில வேளை ஒழுக்கக் கடமையே என்று எழுதினார்.

ஒருவர் மனம் இறங்கி மற்றவர் இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் தெளிவான விதி இருக்கிறது. பகையுள்ளவர்களைக் குருவானவர் நற்கருணைக்குச் சேர்க்கக் கூடாது. ஆனால் ஒருவர் மனதார மன்னித்து, தன் தவறுக்கும் ஈடுசெய்ய முன்வந்து, மற்றவர் பிடிவாதமாய் இருந்தால், முன்வந்தவரைச் சேர்க்க வேண்டும்; பிடிவாதக்காரரை அல்ல. அப்படி யாரையாவது விலக்கி வைத்தால், குருவானவர் 14 நாளுக்குள் மேலதிகாரிக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.